ஆடியில் பூட்டிய வீடு

"ஆடியில பெங்களூர்ல எதுவும் நகராதுக்கா," என்றான் நோயல், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு. "வீடு விக்காது. வாடகைக்கும் போகாது. ஆவணி பொறக்கட்டும், பாருங்க, ஆளாளுக்குச் சாவிக்கொத்தோட ஓடுவானுங்க. புரட்டாசியில கொஞ்சம் படுக்கும், தீபாவளிக்கு முன்னால எழுந்திரிக்கும், மார்கழியில மறுபடியும் படுத்துக்கும். தையில வீட்டுக்காரன் வாயில வந்ததுதான் வெலை. இருபது வருசமா இதான். அதனால நாளையிலேருந்து ஆடி முழுக்க நான் கோயமுத்தூர்ல எங்க அக்கா வீட்டுல. புரோக்கருக்கு அதான் லீவு."

"எனக்கு விக்கவும் வேணாம், வாடகைக்கு விடவும் வேணாம்," என்றாள் தனலக்ஷ்மி. "என் வீட்டுக்கு நான் வரப் போறேன்."

அது ஐம்பத்தேழாம் வருஷத்து ஆனி மாதக் கடைசி நாள். ஆஸ்டின் டவுனில் இருந்த அந்த வீட்டைக் கட்டியவர் தனலக்ஷ்மியின் அப்பா அப்பாதுரை. பட்டாளத்து மெஸ்ஸில் பட்லராக இருந்து, துரைமார்கள் சாப்பிட்ட தட்டைத் துடைத்துச் சம்பாதித்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே நாட்டு ஓடு, பக்கத்தில் ஒரு வேப்பமரம். அவர் போன பிறகு ஆறு வருஷமாகத் தையற்காரர் தாஸ் அதில் குடித்தனம் இருந்தார்.

தனலக்ஷ்மி வாழ்க்கைப்பட்டது கோலார் தங்கவயலுக்கு. புருஷன் ஜெயவேலு சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிறவர். இருபத்தாறு வருஷம் இறங்கி ஏறியதில் அவர் நெஞ்சில் கல்தூசி கட்டிக்கொண்டது. ஜூலை முப்பத்தொன்றோடு வேலை முடிகிறது. ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள், சுரங்கத்தார் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போய் நிற்க அண்ணன் தம்பி வீடும் இல்லை. அதற்கப்புறம் இந்த ஓட்டுக் கூரைதான்.

மூன்று வருஷம் கேட்டுக் கேட்டு, இன்றைக்குத்தான் தாஸ் காலி செய்கிறார். தையல் மெஷினைக் கைவண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி மேரி, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நிறைமாதம்.

"அக்கா, கடைசியா ஒரு தடவை கேக்கறேன். ஒரே ஒரு மாசம். பெத்து எழுந்துடறேன். ஆவணி ஒண்ணாந்தேதி நீங்க இந்தப் படியில காலு வச்சா, நான் அந்தப் பக்கமா எறங்கிடறேன். நீங்கதான் ஆடியில வரப் போறதில்லையே."

"வரமாட்டேன். ஆனா நீ ஆடியில இருந்தேன்னா, ஆவணியில கொழந்தைக்குச் சளி, புரட்டாசியில உனக்குச் சீக்கு. இப்படியே மூணு வருசம் ஓடிப் போச்சு மேரி."

"சர்ச்சுல வந்து சத்தியம் பண்றோம்கா."

"உங்க வீட்டுக்காரரு போன ஈஸ்டருக்கும் சத்தியம்தான் பண்ணாரு."

தாஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே இருந்தார், திரும்பவில்லை. மேரி கொஞ்ச நேரம் தனலக்ஷ்மியின் முகத்தையே பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கையில் கொடுக்காமல் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் மெதுவாக நடந்தாள். இரண்டு சந்து தள்ளி ஒரு ஒற்றை அறை கிடைத்திருக்கிறதாம்.

நோயல் தொண்டையைச் செருமினான்.

"சரி, நடந்தது நடந்துடுச்சு. நான் சொல்றதைக் கேளுங்கக்கா. மழைக்கு முன்னாடி ஓட்டைப் பிரிச்சு மேஞ்சிடுங்க. சுண்ணாம்பு அடிங்க. பால் காய்ச்சக் கூடாதே தவிர ஆடியில ரிப்பேர் பண்ணலாம், தோஷமில்ல. அந்த வேப்பங்கிளை ஓட்டுல உரசிக்கிட்டு நிக்குது, வெட்டிடுங்க."

"ஆடியில மாரியாத்தா மரத்துல கத்தி வைக்கவா? நல்லா சொன்னீங்க."

"கிளையை விடுங்க. முக்கியமா ரெண்டு இருக்கு, ரெண்டுக்கும் செலவில்ல. ஒண்ணு, ராவுல யாராவது ஒருத்தர் இங்க படுக்கணும். ஒரு லாந்தர் எரியணும், அவ்வளவுதான். ரெண்டு, வாடகை ஆபீஸுக்கு ஒரு காயிதம். வீடு காலியாச்சு, சொந்தக்காரங்க நாங்களே குடி வரோம்னு."

"என் வீட்டுக்கு நான் வரதுக்கு எவனைக் கேக்கணும்?"

"கேக்க இல்லக்கா, சொல்ல. வீடு கெடைக்காம சர்க்கார் உத்தியோகஸ்தருங்க வரிசையில நிக்கறாங்க. காலியாக் கெடக்கிற வீட்டை ஆபீஸே எடுத்து அவங்கள்ல ஒருத்தருக்குக் கொடுத்துடும். வாடகை மட்டும் உங்களுக்கு வரும். சட்டம் அப்படி."

"காலின்னு யாரு சொன்னது? பூட்டியிருக்கு. பூட்டு என்னுது."

அவள் பையிலிருந்து அப்பாவின் திண்டுக்கல் பூட்டை எடுத்துப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். நோயல் சைக்கிளில் ஏறினான். "எழுதிடுங்கக்கா," என்று தெருமுனையிலிருந்து ஒரு தரம் திரும்பிச் சொன்னான்.

*

மாரிக்குப்பத்தில் ரயில் இறங்கி லைன் வீட்டுக்கு வந்தபோது ஜெயவேலு கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா தனம், சாவி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப காலையில ரயிலுக்குப் போலாம். பாய் ரெண்டு, சட்டி ரெண்டு. மிச்சத்தை அப்புறமா எடுத்துக்கலாம். நான்தான் சிக் லீவுல கீறேனே."

"நாளைக்கு ஆடி ஒண்ணு."

"ஆடின்னா ரயில் ஓடாதா?"

"விளையாடாதீங்க. ஆடியில யாரு வீடு மாத்தறாங்க?"

ஜெயவேலுவின் அப்பா அந்தக் காலத்திலேயே மாரிக்குப்பத்துப் பௌத்தர் கூட்டத்தில் சேர்ந்தவர். அந்த வீட்டில் பஞ்சாங்கம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. தனலக்ஷ்மி வந்த பிறகுதான் சுவரில் ஒன்று ஏறியது.

"எட்டாயிரம் அடி கீழ எறங்கறவனுக்கு எல்லா நாளும் ஆடிதான்," என்றார் அவர். "கூண்டுல ஏறும்போது ராகுகாலம் பாத்தேனா? பாத்துக்கினு நின்னிருந்தா அன்னன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பான்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, தரைக்கடியில் எங்கேயோ பாறை வெடித்தது. வீடு ஒரு தரம் குலுங்கியது. பரணில் இருந்த அலுமினியச் சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. லைனில் நாலு வீட்டுக் குழந்தைகள் ஒரே சமயத்தில் அழுதன. அந்த ஊரில் இது புதிதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஜெயவேலு கண்ணை மூடிக்கொண்டு, கீழே இந்த ஷிப்டில் யார் யார் என்று விரல் விட்டு எண்ணுவார். இப்போதும் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"குலுங்காத தரையில ஒரு நாளாவது படுத்துத் தூங்கணும் தனம். வேற ஒண்ணும் கேக்கல."

தனலக்ஷ்மி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எலும்பு எலும்பாகக் கையில் தட்டுப்பட்டது.

"அந்த வீட்டுல எங்கப்பா ஆடியிலதான் பால் காய்ச்சினாரு. தெரியுமா உங்களுக்கு? துரை லீவு கொடுத்த நாள் அதுதானாம். ஊர்ல எல்லாரும் வேணாம்னாங்க. ஐப்பசியில எங்கம்மாவைத் தூக்கிட்டுப் போனாங்க. எனக்கு ஒம்பது வயசு. உங்க நெஞ்சு இருக்கிற இருப்புல மறுபடியும் நான் அந்த விளையாட்டுக்கு வரமாட்டேன்."

அவர் சுவரில் தொங்கிய பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"உங்கம்மாவைக் கொண்டாந்து நிறுத்திட்ட. அதுக்கு மேல நான் இன்னா பேசறது? சரி. இருபத்தாறு வருசம் குலுங்கியாச்சு, இன்னும் ஒரு மாசம்."

"நோயல் ஏதோ காயிதம் எழுதச் சொன்னாரு, வாடகை ஆபீஸுக்கு."

"எழுதேன்."

"வீட்டு விஷயமா ஆடியில எப்படிக் கையெழுத்துப் போடறது? ஆவணி ஒண்ணாந்தேதி காலையில பால் காய்ச்சிட்டு, மத்தியானம் ஆபீஸுல போய் எழுதிக் கொடுத்துடறேன்."

ஜெயவேலு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க அரைமணி ஆயிற்று.

*

செலவாகிற காரியங்கள் எல்லாவற்றையும் தனலக்ஷ்மி செய்தாள். ஆடி மூன்றும் நான்கும் காலை ரயிலில் வந்து, ஆளை வைத்து ஓட்டைப் பிரித்து மேய்ந்தாள். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து அடிக்கச் சொன்னாள். கதவுக்குப் பச்சைப் பெயின்ட். வேப்பமரத்தை மட்டும் தொடவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவும் இல்லை. கட்டிக்கொண்டு வந்த தயிர்ச்சோற்றை மரத்தடியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, சாயங்கால ரயிலுக்கு ஓடினாள். நாலாம் தேதி பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வீடு அவளுக்கே புதிதாகத் தெரிந்தது. தெருவிலேயே அப்படி வெளுப்பாக வேறு வீடு கிடையாது.

அந்த வெளுப்பு தெருவில் போகிற எல்லார் கண்ணிலும்தான் படும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவளால் வர முடியவில்லை. ஜெயவேலுவுக்கு மூச்சு முட்டி, சுரங்கத்து ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்துவிட்டார்கள். அங்கேயே இருந்தாள். அவர் எழுந்து வீட்டுக்கு வந்த பிறகு, ஆடி நாலாம் வெள்ளிக்கிழமை, ஒரு வெங்கலப் பானையும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. வீட்டைக் கழுவி விட்டுவிட்டால், ஆவணி பிறந்ததும் பானையை அடுப்பில் ஏற்றுகிற வேலைதான்.

வாசலில் பெரிய ரங்கோலி போட்டிருந்தது. பச்சைக் கதவுக்கு மேலே மாவிலைத் தோரணம். திண்டுக்கல் பூட்டைக் காணவில்லை. உள்ளேயிருந்து ஊதுவத்தி வாசனையும் தேங்காய் உடைக்கிற சத்தமும் வந்தன. தனலக்ஷ்மி அடுத்த வீட்டின் முன்னால் வந்து நிற்கிறோமோ என்று வேப்பமரத்தைப் பார்த்தாள். மரம் அவளுடையதுதான்.

கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மாள் வந்தாள். புதுப் பட்டுப்புடவை, நெற்றியில் பெரிய குங்குமம், வாயில் கன்னடம் கலந்த தமிழ்.

"பன்னி, பன்னி, வாங்க. ஒளகே வாங்கம்மா. வரமகாலக்ஷ்மி ஹப்பா இவத்து, பண்டிகை நாள். வாசல்ல வந்த முத்தைதையை, சுமங்கலியை, நிக்க வைக்கக் கூடாது. நீங்க எந்த வீடு?"

"இந்த வீடு," என்றாள் தனலக்ஷ்மி.

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை.

"இது என் வீடு. நீங்க யாரு?"

அவள் பெயர் யசோதா. புருஷன் சர்க்கார் ஆபீஸில் சூப்பரிண்டெண்ட். மூன்று வருஷமாக மல்லேஸ்வரத்தில் மைத்துனன் வீட்டில் ஒரு அறையில் ஆறு பேர் இருந்தார்களாம். அவள் எதையும் மறைக்கவில்லை. எதற்காக மறைக்க வேண்டும்? கையில் ஆர்டர் இருக்கிறது. கன்னடத்தையும் தமிழையும் கலந்து, சொந்தக்காரியிடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஆர்டர் கைக்கு வந்து ஆச்சும்மா, பத்து நாளுக்கு மேல. ஆனா அப்போ ஆஷாட. ஆஷாடத்துல யாராவது ஹாலு உக்கிசுவாங்களா, பால் காய்ச்சுவாங்களா? எங்க யஜமானரு, உடனே போலாம், வீடு போயிடும்னாரு. நான்தான் விடல. பீமன அமாவாசைக்கு ஆஷாட முடிஞ்சு போச்சு. ஸ்ராவண வந்த மேலே, வியாழக்கிழமை, நல்ல முகூர்த்தம் பாத்து வந்தோம். ஆபீஸ்காரரே வந்து பூட்டை ஒடைச்சுக் கொடுத்தாரு."

தனலக்ஷ்மியின் கையிலிருந்த வெங்கலப் பானை கனத்தது.

அவள் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். நம் ஆடிதான் கன்னடக்காரர்களின் ஆஷாடம், ஆனால் அவர்களுக்கு மாதம் அமாவாசையோடு முடியும், நமக்குச் சூரியன் ராசி மாறும்போதுதான் முடியும் என்பது அவளுக்குத் தெரியாததா? சின்ன வயதில் எதிர்வீட்டுக் கன்னடப் பெண்களுக்குக் கல்யாணம் நடக்கும், தங்கள் பக்கத்துப் பெண்கள் இன்னும் இருபது நாள் காத்திருப்பார்கள். அந்த இருபது நாள் வித்தியாசத்தை வைத்து விளையாட்டாக எத்தனை கேலி பேசியிருக்கிறாள். அந்த இருபது நாளுக்குள் ஒரு வீடு போகும் என்று யார் கண்டது?

"எனக்கு இன்னும் ஆடி முடியலம்மா," என்றாள்.

யசோதாவுக்கு இப்போது புரிந்தது. முகம் ஒரு நிமிஷம் வாடியது. பிறகு உள்ளே போய்க் குங்குமச் சிமிழும் வெற்றிலைத் தட்டும் கொண்டுவந்தாள்.

"ஹப்பத்து நாள். வெறும் கையோட போகக் கூடாது."

வேண்டாம் என்று சொல்ல தனலக்ஷ்மிக்கு வாய் வரவில்லை. லக்ஷ்மி பூஜையன்று குங்குமத்தை எப்படித் தள்ளுவது? புருஷன் உடம்பு இருக்கிற இருப்பில். தன் வீட்டு வாசல்படிக்கு வெளியே நின்று, நெற்றியை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

*

வாடகை ஆபீஸில் கோவிந்தப்பா என்று ஒரு குமாஸ்தா. வயதானவர், பொறுமையான மனுஷர். கட்டைப் பிரித்துக் காகிதத்தை எடுத்தார்.

"காலியானா குறிச்ச நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும்மா. நீங்க கொடுக்கல. நோட்டீஸ் கதவுல ஒட்டினோம். ஆட்சேபணை சொல்ல ரெண்டு நாள் டைம் கொடுத்தோம். யாரும் வரல."

"நான் கோலார்ல இருந்தேன் சார். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில."

"சரி. சொந்த உபயோகத்துக்குத்தான வீடு கேக்கறீங்க? அப்போ காலியான அன்னிக்கே ஏன் குடி போகல?"

"ஆடி சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, என் மகளுக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம். ஆஷாடம்னு புருஷன் வீட்டிலேருந்து கூட்டிக்கிட்டு வந்து வச்சிருந்து, போன வாரம்தான் திருப்பி அனுப்பினேன். எனக்குத் தெரியாதா? ஆனா இந்த ஃபாரத்துல அதுக்குக் கட்டம் கெடையாது. குடியிருக்காங்களா, இல்லையா. அவ்வளவுதான் கேக்குது. நீங்க அப்பீல் போடலாம். ஒரு வருசம், ரெண்டு வருசம் ஆகும். மனுஷன் உள்ள குடி வந்தாச்சு, இனிமே அவரைக் கெளப்பறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். நீங்களும் ஒருத்தரைக் கெளப்பித்தான இந்த வீட்டைத் திரும்ப வாங்கினீங்க."

மேஜை இழுப்பறையைத் திறந்து திண்டுக்கல் பூட்டை எடுத்து வைத்தார். வளையம் அறுந்திருந்தது.

"இது உங்க பொருள். இங்க ஒரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

ஆடியில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னவள், ஆடி வெள்ளிக்கிழமை மத்தியானம் போட்டாள்.

"வீடு காலியா இருக்குன்னு யாரு சார் உங்களுக்குச் சொன்னது?"

"யாரோ எழுதினாங்க. யாருன்னு நான் சொல்லக் கூடாது," என்றார் கோவிந்தப்பா. கட்டைக் கட்டிக்கொண்டே, "தமிழ்ல எழுதியிருந்தது. கையெழுத்து அழகா இருந்துச்சு," என்றார்.

*

தாஸுக்குப் படிப்பு வராது. அளவுகளைக்கூட கோடு போட்டுத்தான் குறித்து வைப்பார். ஆறு வருஷமாக வாடகைக்கான கடிதமெல்லாம் எழுதியவள் மேரி. மிஷன் ஸ்கூலில் படித்த கை.

இரண்டு சந்து தள்ளி அந்த ஒற்றை அறை. மேரி தரையில் உட்கார்ந்து, மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டிருந்தாள். மூலையில் சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு அலுமினியப் போசி வைத்திருந்தது. தாஸ் இல்லை. தனலக்ஷ்மி வாசலில் நின்றதைப் பார்த்தும் மேரி எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்கக்கா. பாய் ஈரமா இருக்கும்."

"உன் வீட்டுக்காரரு எங்க?"

"அவரைத் திட்ட வந்தீங்கன்னா வேணாம். எழுதினது நான்தான்."

இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுவாள் என்று தனலக்ஷ்மி நினைக்கவில்லை.

"நான் உனக்கு என்ன பண்ணேன் மேரி? என் வீட்டைத்தான கேட்டேன்."

"உங்க வீடுதான். இல்லன்னு சொல்லலையே. போயிட்டேன். ஆனா கொழாய்க்கு அந்தப் பக்கமாத்தான்கா போவணும். தெனம் கொடத்தைத் தூக்கிக்கிட்டு, வவுத்தைத் தூக்கிக்கிட்டு, அந்தப் பூட்டைத் தாண்டிப் போவேன். உள்ள யாருமில்ல. விளக்கு இல்ல. பத்து பேர் படுக்கலாம். நான் இங்க ஈரத்துல வலியெடுத்துக் கெடந்தேன். இவ பொறந்தது ஆடி ஆறாந்தேதி. பொறந்த அன்னிக்கு மழை. தலைமாட்டுல சொட்டிச்சு." குழந்தையின் துணியை இழுத்து விட்டாள். "நீங்க குடி வந்திருந்தீங்கன்னா நான் எழுதியிருக்கமாட்டேன். யாராவது இருந்தாப் போதும்னு இருந்துச்சு. அந்தப் பூட்டுதான் எனக்குத் தாங்கல."

"எங்களுக்கு வேற எடமில்ல மேரி."

"எங்களுக்கும்தான் இல்ல."

பிள்ளை பெறாதவள் என்றாலும் தனலக்ஷ்மிக்குப் பழக்கம் விடவில்லை. வந்த வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் கையில் ஏதாவது வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். யசோதா கொடுத்த தேங்காயும் வெற்றிலையும் பையில் இருந்தன. அதை எடுத்துக் குழந்தையின் காலடியில் வைத்தாள். மேரி அதைத் தொடவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

*

ஆவணி முதல் வாரத்தில் நோயல் கோயமுத்தூரிலிருந்து திரும்பினான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகு நேரம் சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இப்ப வாடகைக்கு வீடு வேணும்னா, ஆவணி பொறந்துடுச்சேக்கா. டவுனுக்குள்ள கேக்கிற வாடகையை உங்ககிட்டச் சொல்லவே எனக்குக் கூச்சமா இருக்கு. ஆடியில கேட்டிருந்தா பாதிக்கு முடிச்சிருப்பேன்."

கடைசியில் சந்தாபுராவில் ஒரு அறை பார்த்துக் கொடுத்தான். ஊருக்கு வெளியே ஓசூர் ரோட்டில். ராகி வயலுக்கு நடுவே, தகரக் கூரை. ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி, லைன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது வளர்பிறை, நல்ல வியாழக்கிழமை. தனலக்ஷ்மி பானையில் பால் ஊற்றி அடுப்பில் வைத்தாள். அடுத்த சுவரை ஒட்டி மாவு மெஷின். காலை ஆறிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை ஓடும். அது ஓடும்போது தரை நடுங்கும்.

ஜெயவேலு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நாள் நல்ல நாள்தான தனம்?"

"நல்ல நாள்தான்."

"அப்ப சரி," என்றார். அந்த விஷயமாக அவர் பேசியது அவ்வளவுதான். மேற்கொண்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

புரட்டாசி மழையில் யசோதாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வேப்பங்கிளை முறிந்து ஓட்டின் மேல் விழுந்துவிட்டது. சமையலறை ஒழுகுகிறது. வீட்டுக்காரர்கள் வந்து சரி செய்து கொடுக்க வேண்டியது.

தனலக்ஷ்மி கிளம்பினாள். "நானும் வரேன்," என்றார் ஜெயவேலு. "மாமனார் வீட்டை ஒரு தரம் பாக்கறேன்." பஸ்ஸில் வந்து, நின்று நின்று நடந்து, அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

யசோதா நல்ல மாதிரிதான் நடந்துகொண்டாள். ஜெயவேலு மூச்சு வாங்குவதைப் பார்த்து, முன் அறையில் இருந்த சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னாள். வெள்ளித் தம்ளரில் காபி கொடுத்தாள். ஓட்டுக்காரன் மேலே ஏறினான். தனலக்ஷ்மி கீழே நின்று ஒவ்வொரு ஓடாக எடுத்துக் கொடுத்தாள்.

"அந்தக் கிளையை ஆடியிலேயே வெட்டியிருக்கலாமே," என்றாள் யசோதா. "மழைக்கு முன்னாலே இதெல்லாம் பாத்துடணும்மா. அடுத்த வருசம் மறக்காதீங்க."

"சரிங்கம்மா."

வேலை முடிந்து உள்ளே வந்தபோது ஜெயவேலு தூங்கியிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கால்மாட்டில் காலித் தம்ளர். இருமல் இல்லை. கல்யாணமான நாளாக அவர் அப்படித் தூங்கி தனலக்ஷ்மி பார்த்ததில்லை. சுரங்கத்து ஆள் தூக்கத்திலும் ஒரு காதைத் திறந்துதான் வைத்திருப்பான். இப்போது இரண்டும் மூடியிருந்தன. சுவரில் அவள் அடித்த நீலம் கலந்த சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

யசோதா கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு தரம் உள்ளே போய் வந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்கம்மா. எங்க யஜமானரு ஆபீஸிலேந்து வர்ற நேரம். வந்ததும் அந்தக் குர்ச்சியிலதான் உக்காருவாரு."

தனலக்ஷ்மி எழுந்து போய் அவர் தோளைப் பிடித்தாள். முதல் தடவை அவருக்குத் தெரியவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் பலமாக அசைக்க வேண்டியிருந்தது. ஜெயவேலு திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். விரல்கள் தாமாகவே எண்ண ஆரம்பித்தன.

"இன்னா தனம், குலுங்குச்சா?"

"இல்ல," என்றாள். "நான்தான்."